பந்தல் அவரையா, செடியவரையா?

ஆடி பிறந்ததும் கொங்குப் பக்கம் வீட்டுத் தோட்டக்காரர்கள் அவரை விதை தேட ஆரம்பித்துவிடுவார்கள். கொடி ஓடும் பந்தல் அவரையை வாங்குவதா, குட்டையாக நிற்கும் செடியவரையை வாங்குவதா என்பதில்தான் குழப்பம். என் ஓட்டு பந்தல் அவரைக்கு. ஆனால் பொறுமையும் கொஞ்சம் மண்தரையும் வேண்டும்.

நாட்டுப் பந்தல் அவரை, பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் கார்த்திகை வாக்கில் பூவெடுத்து, பொங்கல் சமயத்தில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். அரசாணிக்காயோடு, அதாவது பரங்கிக்காயோடு, சேர்த்துச் சமைக்க அப்போது கடைக்கே போக வேண்டியதில்லை. அதையே மாசியில் ஊன்றினால் கொடி மட்டும் செழிப்பாக ஓடும், காயைப் பார்ப்பது கஷ்டம். செடியவரைக்கு இந்தக் கணக்கு கிடையாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 14, பெங்களூரு அர்கா ஜெய் போன்ற ரகங்களை எந்தப் பட்டத்திலும் போடலாம். இரண்டு மாதத்தில் காய் வரும், நாலு மாதத்தில் செடி ஓய்ந்துவிடும்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் அவசரமாய்க் கட்டிய பந்தலைச் சாய்த்துவிடும். மொட்டை மாடியில் கேட்கவே வேண்டாம். அங்கே செடியவரைதான் சரி. தரையில் இருப்பவர்களுக்குப் பந்தலே தேவையில்லை, கிளுவை வேலியில் ஏற்றிவிட்டால் போதும். இரண்டு மூன்று கொடி ஒரு குடும்பத்துக்குத் தாராளம். அதே அளவு காய்க்குச் செடியவரை இருபதாவது வேண்டும்.

இணையத்தில் விற்கும் ஃபாவா பீன்ஸ் வேறு பயிர், பீகார் பக்கம் பாக்லா என்று குளிர்காலத்தில் விளைவது. சூடு ஏறினால் பூ உதிரும். கோவை, ஈரோட்டுச் சமவெளிக்கு வேண்டாம்.

எந்த அவரைக்கும் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி வரும். செடியவரையில் குனிந்து பார்த்தாலே தெரியும். உயரமான கொடியில் எறும்பு ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் அங்கே அசுவினி இருக்கும். நுனித் தளிரைக் கிள்ளி எறிந்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். பொறிவண்டு தென்பட்டால் இரண்டு நாள் பொறுங்கள், அசுவினியை அதுவே தின்னும்.