பொங்கலுக்கு வாங்குவதா, புது மொடலுக்குப் பொறுப்பதா

பாரிஸில் இருந்து புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது மருமகள் வட்ஸ்அப்பில் கேட்டாள். "மாமா, வரேக்க லப்டொப் கொண்டு வாறீங்களோ, இல்லாட்டி இஞ்சயே வாங்குவமோ, இல்லாட்டி புது மொடல் வருமட்டும் பொறுப்பமோ?" கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடத்துக்கு எடுபட்ட பிள்ளை. வகுப்புத் தொடங்க ஒன்றரை மாதம்தான் இருந்தது. மூன்று கேள்வியில் முதலாவதுக்கு மட்டும் என்னிடம் உடனே பதில் இருந்தது. கொண்டு வர மாட்டேன்.

காரணம், நான் முன்பு செய்த பாவம். 2018இல் இங்கே மலிவு விற்பனையில் ஒரு லப்டொப் வாங்கி, அடுத்த வருடம் விசுவமடுவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரெஞ்சு விசைப்பலகை. ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ, டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் இசட். இலக்கம் அடிக்க ஷிஃப்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். அத்தான் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் கடிதம் அடித்துப் பழகியவர். பாமினியில் 'அ' வருவது எம் விசையில். பிரெஞ்சுக்காரன் அந்த எம்மைத் தூக்கி எல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். செட்டிங்கில் ஆங்கில விசைப்பலகைக்கு மாற்றிவிட்டோம்தான், ஆனால் அச்சடித்த எழுத்து மாறுமா? அத்தான் ஆறு வருடமாக எழுத்தொட்டி ஒட்டி ஒட்டி அதில் வேலை செய்தார். வெக்கைக்கு ஒட்டி வழுகி, ஏ போய் கியூவின் மேல் நிற்கும்.

அது இப்போது மருமகளுக்கு உதவாது. ஏழாம் தலைமுறை இன்டெல் சில்லு. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏற்கும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் எடுக்க வழி விட்டிருந்தது, அவ்வளவுதான்.

2026 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர் போய் இறங்கினேன். விமான நிலையத்தில் சிம் எடுக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. கொழும்பில் இருந்து இரவு பஸ், ஏசி, சீட் முன்பதிவு எல்லாம் ஒழுங்கு. முறிகண்டியில் நிறுத்தினார்கள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். இதில் எல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை கணினிக் கடையில்தான் தொடங்கியது.

கிளிநொச்சி டவுனில் நாங்கள் முதலில் ஏறிய கடை கண்ணாடியும் ஏசியுமாகப் பளபளவென்று இருந்தது. பெடியன் மரியாதையாகக் கதைத்தான், குளிர்பானமும் தந்தான். 8 ஜீபி ராம், அதாவது வேலை நினைவகம், உள்ள ஒன்றைக் காட்டி, "இப்ப இதை எடுங்கோ அண்ணை, பேந்து காசு வரேக்க ராமைக் கூட்டலாம்" என்றான். விலை இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் மொடல் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு, நாளைக்கு வருகிறோம் என்று வெளியே வந்தேன்.

மருமகளின் தோழி ஒருத்தி சொன்ன திருத்துகிற கடை ஏ9 வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. பெயர்ப் பலகையே இல்லை. மேசை நிறையத் திறந்த லப்டொப்புகள். கார்த்திகைக் கடைசியில் அடித்த டித்வா புயலின் வெள்ளத்தில் நனைந்தவை ஒரு பக்கம், விசிறியில் கிரவல் தூசி அடைத்துச் சூடேறிச் செத்தவை இன்னொரு பக்கம். முப்பது வயது மதிக்கத்தக்க தம்பி. படத்தில் இருந்த மொடல் நம்பரைப் பார்த்ததும் சிரித்தார்.

"அண்ணை, இதில ராம் போர்ட்டோட ஈயம் வச்சு ஒட்டினது. கூட்டவே ஏலாது."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. கடைக்காரப் பெடியன் தெரியாமல் சொன்னானோ, தெரிந்து சொன்னானோ, பிள்ளை நாலு வருடம் 8 ஜீபியோடு இழுபட்டிருப்பாள். திரும்பிப் போய்ச் சண்டை பிடிக்க நினைத்தேன். அக்கா விடவில்லை. "பொங்கலும் அதுவுமா உனக்கென்ன விசரே?"

தம்பியிடம் மூன்றாவது கேள்வியைப் போட்டேன். அந்த மாதத் தொடக்கத்தில்தான் இன்டெல் லாஸ் வேகாஸில் தன் கோர் அல்ட்ரா 3 சில்லு வரிசையை அறிமுகப்படுத்தியிருந்தது. மருமகள் அது வரப்போவதைப் படித்துவிட்டுத்தான் பொறுப்பமோ என்று கேட்டிருந்தாள். அவர் கையில் இருந்த திருகாணியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். அது கொழும்புக்கு வந்து, விலை இறங்கி, கிளிநொச்சி அலுமாரிக்கு வர ஒரு வருடம் போகும். "அப்ப அதுவும் உங்கட பாரிஸில பழசு. நாங்கள் எப்பவும் போன வருசத்து மொடலைத்தான் புதுசெண்டு வாங்கிறனாங்கள்."

அதோடு ராம் விலை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு வேண்டிய நினைவகத்துக்கே தொழிற்சாலைகள் முதலிடம் கொடுப்பதால், சாதாரணக் கணினிக்கான ராம் விலை 2025 கடைசியில் இருந்து குதிரை போல ஏறிக்கொண்டிருந்தது. உலகத்து ராமின் பெரும்பகுதியைச் செய்வது சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று பேர்தான். அதில் மைக்ரோன், குருசியல் என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வியாபாரத்தையே கைவிடுவதாக மார்கழியில் அறிவித்தது. அந்தத் தம்பி நியூயோர்க் பங்குச் சந்தையைப் பார்க்கிறவர் அல்ல. கொழும்பு மொத்தக்காரர் அனுப்பும் விலைப்பட்டியல் கிழமைக்குக் கிழமை மாறுவதை வைத்துச் சொன்னார். கடைகளில் பழைய விலைக்கு எடுத்து வைத்த சரக்கு முடியுமட்டும்தான் இந்த விலை என்றார்.

அத்தான் அதுவரை வாய் திறக்காமல் நின்றவர். "2022இல பொறுத்தனாங்கள்தானே" என்றார். அந்த வருடத் தொடக்கத்தில் மூத்தவனுக்கு ஒன்று வாங்கக் காசு சேர்த்து வைத்திருந்தார்கள். சித்திரைக்குப் பிறகு புது மொடல் வரும் என்று யாரோ சொல்லப் பொறுத்தார்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பெறுமதி சேர் வரியும் அந்த வருட நடுவில் 8இல் இருந்து 12ஆகி, செப்டெம்பரில் 15 ஆனது. 2024 தையில் இருந்து 18 வீதம். சேர்த்த காசுக்குக் கடைசியில் ஒரு ஃபோன்தான் கிடைத்தது. மூத்தவன் அந்த ஃபோனில்தான் ஏ.எல். படித்து முடித்தான்.

அதற்குப் பிறகு பொறுப்பதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

எதை வாங்குவது என்பதற்கு அந்தத் தம்பி சொன்னவை பாரிஸில் எந்தக் கடைக்காரனும் எனக்குச் சொல்லாதவை. ராம் 16 ஜீபி வேண்டும், அதோடு ராமைக் கழற்றிப் போடக்கூடிய ஒரு துளையாவது இருக்க வேண்டும். பின்பக்கம் சாதாரணத் திருகாணியில் திறக்க வேண்டும். சார்ஜரும் பற்றறியும் கிளிநொச்சியிலேயே வாங்கக் கிடைக்கிற மொடலாக இருக்க வேண்டும். உத்தரவாதம் ஒரு வருடம் என்று எழுதியிருந்தாலும் பெட்டி கொழும்புக்குப் போய்த்தான் வரும், சில வேளை மூன்று நான்கு கிழமை. பரீட்சை நேரத்தில் அது நடந்தால் பிள்ளை என்ன செய்வாள்? மருமகளுக்கு உள்ளுக்குள் ஒரு அப்பிள் ஆசை இருந்தது. பொறியியல் பிள்ளைகள் பாவிக்கும் சொலிட்வேர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும் என்றதும் அதுவும் அடங்கியது. நான் பாரிஸில் இருந்து கொண்டு வந்திருந்தால், 20 வீத வரியையும் அங்கே கட்டிவிட்டு, பழுதானால் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றிருப்போம்.

மூன்றாம் நாள் டவுனில் வேறொரு சின்னக் கடையில், போன வருடத்து மொடல் ஒன்றை எடுத்தோம். 16 ஜீபி, ஒரு துளை காலி. இரண்டே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வங்கியில் யூரோவுக்கு 360 ரூபாயை ஒட்டித் தந்தார்கள், கையில் இருந்த காசு கச்சிதமாகச் சரிவந்தது. கடைக்காரர் பெட்டியை எங்கள் முன்னாலேயே உடைத்து, ஓன் பண்ணி, பற்றறியையும் திரையையும் பார்க்கச் சொல்லித்தான் ரசீது எழுதினார். கேட்காமலே இதைச் செய்தார்.

வீட்டில் இன்னொரு கூத்து. எங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை, ஃபோன் டேட்டாதான். பெட்டியில் இருந்து எடுத்தவுடன் விண்டோஸ் தன்னைத் திருத்திக்கொள்ள ஆரம்பித்து, என் சிம்மில் இருந்த டேட்டா முழுவதையும் ஒரே மதியத்தில் குடித்துவிட்டது. அடுத்த நாள் அதையும் தூக்கிக்கொண்டு விசுவமடுவில் இருந்து பரந்தன் வழியாகத் திரும்பவும் அந்த ஒழுங்கைக் கடைக்கே பஸ் ஏறினோம். தம்பி தன் கடை வைஃபையில் எல்லாவற்றையும் இறக்கித் தந்தார். எவ்வளவு என்று கேட்டேன். "பொங்கல் தந்தால் காணும்" என்றார். அக்கா அடுத்த நாள் சருவத்தோடு அனுப்பிவிட்டாள். இடி மின்னல் நேரம் சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றச் சொல்லித் தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார், அக்கா அதை வீட்டுச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள்.

பழைய பிரெஞ்சு லப்டொப்பையும் விடவில்லை. அவரே அதற்கு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றைப் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றி, அத்தானிடம் கொடுத்தார். இப்போது முன்னையதைவிட வேகம். நான் பாரிஸுக்கு வந்து சேர்ந்த அன்றிரவு அத்தான் அழைத்தார். சுகமாகப் போய்ச் சேர்ந்தேனா என்று கேட்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, எல்லாம் நல்லா வேலை செய்யுது. இந்த எம் எங்க கிடக்குது எண்டு ஒருக்காச் சொல்லு."