பட்டுவேட்டிக்கு முன்னால் ஒட்டோ பிளாஷ்: கனன் 430ஈஎக்ஸ் 3, நெடுநாள் பாவனைக்குப் பிறகு

கனன் 6டி கமரா, அதன் தலையில் 430ஈஎக்ஸ் 3-ஆர்ரி பிளாஷ். யாழ்ப்பாணத்தில் நான் படம் எடுக்கப் போகும் கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் பல வருடமாக இந்தச் சோடிதான் கூட வருகிறது. கமரா 2012இல் வந்தது, பிளாஷ் 2015இல். இரண்டுமே இன்றைக்குப் பழசு. பிளாஷின் பலம், எடை, விலை எல்லாம் கடைக்காரரே சொல்லுவார். அதன் ஒட்டோவை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் கையால் கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதைப் பாவித்தவன்தான் சொல்ல முடியும்.

படம் பதிவதற்குக் கண நேரம் முன்னால் பிளாஷ் சின்னதாக ஒரு வெளிச்சம் அடித்துப் பார்க்கும். அது ஆளில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள்ளால் வருவதை அளந்து, உண்மையான அடிக்கு எவ்வளவு தேவை என்று கமரா கணக்குப் போடும். ஈ-ரிரிஎல் என்பது இதுதான். ஆனால் எதிரில் நிற்பது வெள்ளையா கறுப்பா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும்.

எங்கள் மாப்பிள்ளைமாரை யோசித்துப் பாருங்கள். வெள்ளைப் பட்டுவேட்டி, சால்வை, சரிகை போட்ட தலைப்பாகை. அவரைச் சட்டம் முழுக்க நிரப்பி எடுத்தால் வேட்டி அழுக்குச் சாம்பலாகும், முகமும் சேர்ந்து இருளும். ஒட்டோ போடும் அளவைக் கூட்டிக் குறைக்கும் பிளாஷ் கொம்பன்சேஷனைப் பிளஸ் 2/3 ஸ்டொப்புக்கு ஏற்றினால் (ஒரு ஸ்டொப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு) வேட்டி வேட்டியாக வரும். வெள்ளை உடுப்பைக் கண்டதும் பிளாஷைக் குறைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு.

தேவாலயக் கலியாணத்தில் கணக்கு வேறு. மணமகள் வெள்ளைக் கவுன், மணமகன் கறுப்புக் கோட். இருவரும் சரிபாதியாக நின்றால் ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும், பூச்சியத்திலேயே விடலாம். மணமகனைத் தனியே எடுக்கும்போது மைனஸ் 2/3, மணமகளைத் தனியே எடுக்கும்போது பிளஸ் 2/3 முதல் 1 வரை. அவசரத்தில் இருவருக்கும் நடுவே மாறி மாறி ஓடும்போது எண்ணை மாற்ற நேரம் இராது. அப்போது நட்சத்திரக் குறியுள்ள பொத்தானால் முகத்தை நடுவில் வைத்து பிளாஷ் எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, பிறகு சட்டத்தை அமைத்து எடுப்பேன். அந்த அளவை நடு வட்டத்தில் இருப்பதை வைத்தே எடுப்பதால் கவுனும் கோட்டும் இடையில் வராது. குறை என்னவென்றால், முன்னோட்ட வெளிச்சம் தனியாக மின்னுவதால் படம் எடுத்து முடிந்தது என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.

இரவில் வளவுக்குள் பந்தல் போட்ட பிறந்தநாள் வீடுகளில்தான் ஒட்டோ அதிகம் ஏமாறும். பின்னால் பனையும் இருட்டும். வெளிச்சம் அடித்தும் திரும்பி வருவது குறைவு என்று கண்டு அது அள்ளி வீசும், முன்னால் நிற்பவரின் நெற்றி எரிந்து போகும். அங்கே மைனஸ் 1இல்தான் தொடங்குவேன்.

நல்லூர்த் தேருக்கு வெளிவீதியில் நிற்கும்போது நல்ல வெயில், ஆனாலும் பிளாஷ் வேண்டும். மேல்சட்டை இல்லாத தோளில் வேர்வையும் திருநீறும் பளபளக்கும், கண்குழிக்குள் நிழல் கறுத்துக் கிடக்கும். அந்த நிழலைக் கொஞ்சம் தூக்கினால் போதும் என்பதால் மைனஸ் 1 1/3 அளவில் வைப்பேன். 6டியின் சிங்க் வேகம், அதாவது பிளாஷோடு வைக்கக்கூடிய ஆகக் கூடிய ஷட்டர் வேகம், 1/180 செக்கன்தான். கமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 100இல் வைத்தாலும் அந்த வெயிலுக்கு லென்ஸின் துவாரத்தை எஃப்11, எஃப்16 என்று சுருக்க வேண்டிவரும். அந்த எல்லையைத் தாண்டவிடும் ஹைஸ்பீட் சிங்க் போட்டால் ஷட்டரைக் கூட்டலாம், ஆனால் பிளாஷின் எட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். காவடி ஆடுபவருக்குக் கிட்டப் போக முடிந்தால் மட்டும் அது உதவும்.

கொம்பன்சேஷன் என்றால் எப்போதும் வேலை செய்யும் என்று நினைக்கக் கூடாது. மண்டபத்தின் உயரமான கூரையில் அடித்துத் திருப்பி எடுக்கும்போது பிளாஷ் ஏற்கெனவே முழுப் பலத்தில் நிற்கும். அதற்குமேல் பிளஸ் 1 என்ன, பிளஸ் 3 என்ன, ஒரு மாற்றமும் வராது. இந்த இடத்தில் ஐஎஸ்ஓவைத்தான் ஏற்ற வேண்டும். 400இலிருந்து 1600க்குப் போனால் இரண்டு ஸ்டொப், அதாவது பிளாஷின் எட்டம் இரட்டிப்பு. 6டி அதைத் தாங்கும். பழைய ஓட்டு வீடுகளில் மேலே அடிப்பதில் அர்த்தமே இல்லை. ஓடும் பனஞ்சலாகையும் வெளிச்சத்தை விழுங்கி, மிச்சத்தைச் செம்மஞ்சளாக்கித்தான் தரும். நாற்சார் வீட்டு முற்றம் என்றால் வெளிச்சம் நேரே வானத்துக்குப் போகும். சுண்ணாம்பு அடித்த பக்கச்சுவர் அகப்பட்டால் அதுவே சொர்க்கம்.

மெனுவில் ஒளிந்திருக்கும் இன்னொரு வில்லன் ஒட்டோ லைற்றிங் ஒப்டிமைஸர். அது இயங்கினால் நீங்கள் பிளாஷைக் குறைத்தாலும் ஜேபெக்கைக் கமரா தானாக வெளிச்சமாக்கிவிடும், குறைத்தது வேலை செய்யவில்லை போலத் தெரியும். கனன் கைநூலிலேயே இது இருக்கிறது. நிறுத்திவிட்டுத்தான் பழக வேண்டும். அதேபோல் பிளாஷிலும் கமராவிலும் இரு இடத்திலும் கொம்பன்சேஷன் வைக்கலாம், இரண்டிலும் வைத்தால் பிளாஷில் உள்ளதே செல்லும். நான் பிளாஷின் முதுகில் மட்டும் வைப்பேன். திரையில் எண் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

ஒட்டோவை விட்டுவிட்டு, பிளாஷின் பலத்தைக் கையாலேயே வைக்கும் மனுவலுக்கு முழுக்கப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மணவறைக்கு முன் வரிசையில் நிறுத்தி எடுக்கும் குடும்பப் படங்களுக்கு நானும் மனுவல்தான், தூரம் மாறாதே. ஆனால் மாப்பிள்ளை வாசலிலிருந்து நடந்து வரும்போது 4 மீற்றர் 2 மீற்றராகக் குறைந்தால் அவர் மேல் விழும் வெளிச்சம் நாலு மடங்கு. விரல் அவ்வளவு வேகமாக ஓடாது. என் வழக்கம், கமராவை எம் என்ற மனுவல் நிலையில் வைத்து மண்டப வெளிச்சத்தை 1/80, எஃப்4, ஐஎஸ்ஓ 1600 போல ஒன்றில் நிறுத்திவிட்டு, பிளாஷை மட்டும் ஒட்டோவில் விடுவது. பின்னணி ஒரே சீராக இருக்கும், முகத்துக்கு மட்டும் கூட்டிக் குறைத்தால் போதும்.

“தம்பி, பிள்ளையின்ர முகம் இன்னும் கொஞ்சம் வெள்ளையா வரவேணும்” என்று சொல்லாத அம்மாமார் குறைவு. இதற்காகப் பிளஸ் போடும் பழக்கம் இங்கே ஊறிவிட்டது, எனக்குப் பிடிப்பதில்லை. மாநிறமும் கறுப்பும் நிறைந்த நெருக்கப் படங்களை ஒட்டோ ஏற்கெனவே அளவுக்கு மேல் வெளிற வைக்கிறது. மைனஸ் 1/3, சிலவேளை 2/3 வைத்தால்தான் தோலின் நிறம் அதன் நிறமாக வரும், தாலிக்கொடியின் பொன்னிறமும் தப்பும். ரைற்றானியம் டயொக்சைட் கலந்த கிறீம் பூசிய முகம் நேரடி பிளாஷில் கழுத்தைவிட வெளுத்துத் தெரிவது வேறு சங்கதி. அதைக் கொம்பன்சேஷனால் திருத்த முடியாது. பிளாஷைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் ஆக வேண்டும்.

இப்போது பலர் மிரர்லெஸ் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் அதன் வியூஃபைண்டர் முன்கூட்டிக் காட்டுவது மண்டப வெளிச்சத்தை மட்டும்தான். பிளாஷ் வெளிச்சம் அடித்த பிறகே தெரியும் என்பதால் பிளஸ், மைனஸ் கணக்கு அங்கேயும் மாறாது. உங்களிடம் 430 இருந்தால் அதைக் கழற்றி விற்க வேண்டியதில்லை, கனனின் புதியதிலும் தலையில் உள்ள பிளாஷ் பூட்டும் இடமான ஹொட்ஷூவில் ஏறும். கனன் ஆர்50 போன்ற சில சிறிய கமராக்களுக்கு மட்டும் தனி அடப்டர் தேவைப்படும், அதைக் கேட்டு உறுதிசெய்துவிட்டு வாங்குங்கள்.