கணக்கு பாதியில் நின்றால் எதைத் திறப்பது? விடைநூல், கணக்கிடும் மென்பொருள், ஏஐ, ஆசிரியர்: ஓர் ஒப்பீடு

கல்லூரிப் பாடக் கணக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்று உதவிக்குப் பஞ்சமில்லை. விடைநூல் இருக்கிறது, கணக்கிட்டுத் தரும் மென்பொருள் இருக்கிறது, காசு கட்டினால் தீர்வு காட்டும் தளங்கள் இருக்கின்றன, ஏஐ சாட்பாட் இருக்கிறது. கூடப் படிப்பவர்களும் ஆசிரியரும் எப்போதும் போல இருக்கிறார்கள். இவற்றில் எது சரியான விடை தருகிறது என்று பார்ப்பதுதான் வழக்கம். அந்த அளவுகோலில் பெரும்பாலும் எல்லாமே தேறிவிடும். நான் பார்ப்பது வேறு இரண்டு. நான் பாதி போட்டு வைத்ததைப் பார்த்து, எந்த வரியில் தடம் மாறியது என்று சொல்லுமா? சொன்னது சரிதானா என்று நானே சோதித்துக்கொள்ள முடியுமா?

விடைநூல் முதல் கேள்வியில் தோற்றுவிடும். அது உங்கள் நோட்டைப் பார்க்காது. "இதிலிருந்து எளிதில் பெறலாம்" என்று அது தாவும் இடத்தில்தான் நாம் சரியாக மாட்டியிருப்போம். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மூடி வைத்துவிட்டுப் போட்டால் இரண்டாம் வரியிலேயே கை நிற்கும். ஆனாலும் அதை நான் ஒதுக்கமாட்டேன். ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் அல்ஜீப்ரா கற்பதை வைத்து 1985-இல் வெளியிட்ட ஆய்வில், தீர்த்துக் காட்டிய கணக்கைப் படித்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றைப் போட்டவர்கள், தாங்களாகவே முட்டி மோதியவர்களைவிடச் சீக்கிரம் முடித்தார்கள். ஆக, புதுப் பாடம் தொடங்கும் வாரத்தில் விடைநூல் நல்ல துணை. தேர்வுக்கு முந்தின வாரம் அதே புத்தகம் தெரிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத்தான் தரும்.

கணக்கிடும் மென்பொருளில் பலருக்கும் தெரிந்தது 2009-இல் வந்த வுல்ஃப்ராம் ஆல்ஃபா. தொகையீடு, அணி, வகைக்கெழுச் சமன்பாடு என்று கொடுத்தால் போட்டுத் தரும். அது ஊகிப்பதில்லை, கணக்கிடுகிறது. இதனாலேயே அறிவியல் பாடங்களில் இதை முதலில் திறப்பேன். ஆனால் நாம் தட்டச்சு செய்ததற்குத்தான் விடை வரும். கணக்கை அமைப்பது நம் பொறுப்பு. ஓர் எடுத்துக்காட்டு: மூடிய கலனில் உள்ள வாயு 25 டிகிரி செல்சியஸிலிருந்து 50 டிகிரிக்குச் சூடாகிறது, அழுத்தம் எத்தனை மடங்காகும்? 50-ஐ 25-ஆல் வகுக்கச் சொன்னால் எந்த மென்பொருளும் தயங்காமல் 2 என்று காட்டும். கெல்வினுக்கு மாற்றி 323-ஐ 298-ஆல் வகுத்தால் 1.08. எட்டு சதவீத உயர்வுக்கும் இரட்டிப்புக்கும் இடையிலான அந்தப் பிழை எப்போதோ, பேப்பரில் முதல் வரி எழுதும்போதே நடந்துவிட்டது. இயற்பியலிலும் வேதியியலிலும் பெரும்பாலான தவறுகள் இந்த ரகம்தான்: அலகு, திசைக்குறி, விசைப் படத்தில் விட்டுப்போன ஓர் அம்புக்குறி. நல்ல வேளையாக இந்தப் பாடங்களில் சோதனை இலவசம். அலகு பொருந்துகிறதா? சாய்தளத்தின் கோணத்தைப் பூஜ்யமாக்கினால் பொருள் அசையாமல் நிற்கிறதா? 90 ஆக்கினால் தடையின்றி விழுகிறதா? இவை மூன்றும் தேறினால் விடைநூல் என்ன சொல்கிறது என்று பார்க்கும் அவசியமே பல நேரம் வராது.

கட்டணத் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. 2023 மே மாதம், புதிய சந்தாதாரர்கள் சேர்வதை அது பாதிக்கிறது என்று இப்படிப்பட்ட தளம் ஒன்றை நடத்தும் செக் (Chegg) நிறுவனம் சொன்னதுமே அதன் பங்கு விலை ஒரே நாளில் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. மாணவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தெரியாத ஒருவர் எழுதிய தீர்வைக் காசு கொடுத்துப் பார்ப்பதில் எனக்கும் பெரிய ஈர்ப்பு இருந்ததில்லை.

சாட்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். என் முதல் கேள்விக்கு ஆசிரியருக்கு அடுத்தபடி நல்ல பதில் இதனிடம்தான் இருக்கிறது. நோட்டில் போட்டதை அப்படியே கொடுத்து, "முதலில் தவறிய வரியை மட்டும் காட்டு, விடையைச் சொல்லாதே" என்று கேட்கலாம். பெரும்பாலும் கேட்டபடி செய்யும். இரண்டாம் கேள்வியில்தான் தகராறு. சரியாகச் சொல்லும்போதும் தவறாகச் சொல்லும்போதும் அதன் குரல் ஒன்றுதான். நாம் "4.2 வர வேண்டும், இல்லையா?" என்று இழுத்தால், அந்தப் பக்கமே சாய்ந்து 4.2-க்கு ஒரு வழியைக் கட்டித் தந்துவிடலாம். பிழையே இல்லாத தீர்வைக் கொடுத்து "எங்கே பிழை?" என்றால், சில சமயம் ஒன்றை உண்டாக்கியும் காட்டும். அதனால் நாம் எதிர்பார்க்கும் விடையை முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பது நல்லது. எண் கணக்கை வார்த்தையில் போடச் சொல்லாமல், பைத்தான் நிரல்மொழியில் எழுதச் சொல்லி நாமே ஓடவிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

புள்ளியியலுக்கு வந்தால் இந்த எச்சரிக்கை போதாது. இயற்பியலில் தப்பு விடை தன்னைக் காட்டிக்கொடுக்கும். கார் ஒளியைவிட வேகமாக ஓடினால் யாருக்கும் சந்தேகம் வரும். புள்ளியியலில் தப்பு விடையும் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து உட்காரும். ஐந்து மாணவர்கள் ஒரு பயிற்சிக்கு முன் வாங்கியது 60, 72, 55, 81, 67. பின் வாங்கியது 63, 74, 59, 83, 71. பயிற்சி பலித்ததா? இரண்டு தனிக் குழுக்களாக எண்ணி, சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் டி சோதனையைச் செய்தால் டி மதிப்பு 0.48, பி மதிப்பு (பயிற்சியால் பலனே இல்லையென்றாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.64. பலிக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் முன்னும் பின்னும் அதே ஐவர்தான். ஒவ்வொருவருக்கும் வித்தியாசம் எடுத்தால் 3, 2, 4, 2, 4. சராசரி 3, திட்ட விலக்கம் 1. இந்த வித்தியாசங்களை வைத்துச் செய்யும் இணைச் சோதனையில் டி மதிப்பு 6.71, பி மதிப்பு 0.003-க்குச் சற்றுக் கீழே. தரவு ஒன்று, முடிவு நேர் எதிர்.

இந்தக் கணக்கில் மென்பொருள் எதுவும் தவறே செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். எக்ஸெல், ஆர் (R), பைத்தான் எதைத் திறந்தாலும் கேட்ட சோதனையைச் சரியாகவே செய்யும். விடைநூலும் "டி = 6.71" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடும். எந்தச் சோதனை, ஏன் என்பதைப் பேசிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். சாட்பாட்டிடம் இரண்டு பத்திகளின் எண்களை மட்டும் ஒட்டினால், அதே மாணவர்கள் என்ற செய்தி அதற்குப் போய்ச் சேருவதே இல்லை. தரவு எப்படி வந்தது என்ற கதையையும் எழுதிக் கொடுத்தால் நன்றாகவே பதில் வரும். புள்ளியியலுக்கு என் தேர்வு கூடப் படிக்கும் இரண்டு பேர். ஒருவர் தரவின் கதையைச் சொல்ல, இன்னொருவர் "ஏன் இந்தச் சோதனை?" என்று குடைய வேண்டும்.

வணிகவியல் கணக்குகளில் எல்லோரும் எக்ஸெலை நம்புகிறார்கள், நானும்தான். ஆனால் நிகர நிகழ்கால மதிப்பை, அதாவது வருங்கால வரவு செலவுகளை இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டியதைத் தரும் அதன் என்பிவி ஃபார்முலா, கொடுக்கும் முதல் தொகையே ஓர் ஆண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று 1000 போட்டு அடுத்த ஆண்டு 1200 வருகிறது, வட்டி 10 சதவீதம் என்றால் நிகர நிகழ்கால மதிப்பு 90.91. இரண்டு தொகைகளையும் ஃபார்முலாவுக்குள்ளேயே போட்டால் 82.64 வரும். இரண்டும் லாபம்தான் என்பதால் கண்ணில் படாது. முதலீட்டை வெளியே தனியாகக் கழிக்க வேண்டும்.

என்பிவியைப் பூஜ்யமாக்கும் வட்டி வீதமான ஐஆர்ஆர் இன்னும் வேடிக்கை. இன்று 1000 செலவு, முதல் ஆண்டு முடிவில் 2500 வரவு, இரண்டாம் ஆண்டு முடிவில் மறுபடி 1560 செலவு என்று ஒரு திட்டம். சமன்பாட்டைத் தீர்த்தால் 20 சதவீதம், 30 சதவீதம் என்று இரண்டு விடை. எக்ஸெல் ஒன்றைத்தான் காட்டும். எது என்பது தொடக்க ஊகத்தைப் பொறுத்தது. மூலதனச் செலவு, அதாவது போட்ட பணத்துக்கு ஆகும் வட்டி, 10 சதவீதம் என்றால், "ஐஆர்ஆர் அதைவிட அதிகம், ஏற்கலாம்" என்று மனப்பாட விதி சொல்லும். என்பிவி போட்டால் 16.53 நஷ்டம். இங்கே மட்டும் விடைநூலுக்கு என் ஓட்டு. இந்தப் பொறியைத் தெரிந்தே வைத்த பாடநூல் ஆசிரியர், ஏன் வைத்தார் என்றும் தீர்வில் எழுதியிருப்பார். எக்ஸெல் அதைப் பற்றி வாய் திறக்காது.

புரோகிராமிங்கில் நிலைமை தலைகீழ். கணினியே உட்கார்ந்து திருத்தித் தரும் ஒரே பாடம் இது. அதனால் சாட்பாட்டின் மீதான என் சந்தேகம் இங்கே பாதியாகக் குறைந்துவிடுகிறது: சொன்னதை ஓடவிட்டால் அரை நிமிடத்தில் குட்டு உடையும். பைத்தானில் ஒரு ஃபங்ஷனுக்கு டீஃபால்ட்டாக (எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) வெற்று லிஸ்ட் கொடுத்துவிட்டு, இரண்டாம் முறை அழைக்கும்போது பழைய மதிப்புகள் உள்ளேயே கிடப்பதைப் பார்த்துத் திகைக்காத புதுமுகம் இல்லை. லிஸ்ட் ஒரே ஒரு முறைதான், ஃபங்ஷனை வரையறுக்கும்போதே உருவாகிறது என்பதைச் சாட்பாட் உடனே சொல்லிவிடும். 2008-இல் தொடங்கிய, புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் இதற்கு அலசி ஆராய்ந்த பதில் இருக்கிறது. சாட்ஜிபிடி வந்த சில நாட்களிலேயே அதைக் கொண்டு எழுதிய பதில்களை அந்தத் தளம் தடை செய்தது. பார்க்கச் சரியாகத் தோன்றித் தவறாக இருந்தவை குவிந்ததுதான் காரணம். அங்கே கேள்வி கேட்பவருக்கு மரியாதை கொஞ்சம் குறைவுதான். ஆனால் பிழை தெரியும் அளவுக்கு மட்டும் நிரலைச் சுருக்கிக் கொண்டு வா என்று அவர்கள் பிடிக்கும் பிடிவாதம் நல்லது. சுருக்கிக்கொண்டே போகையில், அனுப்புவதற்கு முன்பே பிழை பல முறை மாட்டிவிடும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: கேள்வியில் தந்த மாதிரி உள்ளீட்டுக்கு ஓடினால் போதாது. வெற்று லிஸ்ட், ஒற்றை உறுப்பு, எதிர்ம எண் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள்.

ஆசிரியரிடம் போகத்தான் பலருக்குத் தயக்கம். "கணக்கு வரவில்லை" என்று வெறுங்கையோடு போனால் விடைநூலில் உள்ளதையே பலகையில் எழுதிக் காட்டுவார். போட்டுப் பார்த்ததை எடுத்துக்கொண்டு, "இந்த மூன்றாம் வரிக்கு மேல் ஓடவில்லை" என்று போனால் ஐந்து நிமிடத்தில் முடியும். அசைன்மென்ட் விதியில் ஏஐ எவ்வளவு வரை அனுமதி என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். அது பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. இன்னொன்றும் உண்டு. சில சமயம் கேள்வியே தப்பாக அச்சாகியிருக்கும், அல்லது தேவையான ஓர் எண் விடுபட்டிருக்கும். மென்பொருளும் சாட்பாட்டும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு விடையைத் தந்துவிடலாம். கேள்வியைத் திருத்தித் தர ஆசிரியரால் மட்டுமே முடியும்.