ரப்பர் தோட்டத்துக்கு ஒரு மூன்று சக்கர வண்டி: ஸ்ப்ளெண்டர் இன்ஜினா, ஆர்எக்ஸ் 100-ஆ, ஆட்டோ இன்ஜினா?

ஹோண்டா 1970-ல் அமெரிக்காவில் யுஎஸ்90 என்ற பெயரில் ஒரு மூன்று சக்கர வண்டியை இறக்கியது. கொஞ்ச நாளில் பெயர் ஏடிசி90 என்று மாறியது (ஏடிசி என்றால் ஆல் டெரெய்ன் சைக்கிள், எந்தத் தரையிலும் ஓடும் வண்டி). மூன்று சக்கரத்திலும் கொழுத்த பலூன் டயர், பைக் மாதிரி கால் போட்டு உட்காரும் சீட்டு. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது, குலுக்கலை எல்லாம் டயரே வாங்கிக்கொள்ளும். 1980-களில் இந்த வகை வண்டிகள் பெரிதாக வளர்ந்தன, விபத்துகளும் கூடின. கடைசியில் 1988-ல் அமெரிக்க அரசோடு கம்பெனிகள் செய்துகொண்ட உடன்பாட்டால் அங்கே விற்பனை நின்றுபோனது.

அந்தப் பழைய வடிவத்தில் ஒன்றைக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குள் ஓட்டுவதற்காகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இன்ஜின் முடிவாகிவிட்டது: கார்புரேட்டர் காலத்து ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். அதனால் இது நடுநிலையான அலசல் அல்ல. ஆனால் மற்றவற்றை ஏன் விட்டோம் என்பது இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

அசல் ஏடிசியையே தேடி வாங்கலாமே என்று கேட்பார்கள். பழைய வண்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வழி மிகக் குறுகல். வந்தாலும் ஒரு கேஸ்கெட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காட்சிக்கு வைக்கச் சரி, வேலைக்கு ஆகாது.

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் இன்ஜினை விடுவதற்குத்தான் மனம் கஷ்டப்பட்டது. 98 சிசியில் 11 குதிரைத்திறன், ஸ்ப்ளெண்டரோ ஏறக்குறைய ஏழரைதான். எடை குறைவு, அந்தச் சத்தத்துக்கும் ஈடு கிடையாது. ஆனால் அதன் முழு இழுவை இன்ஜின் நிமிடத்துக்கு 6500 சுற்றை எட்டினால்தான் வரும். தோட்டத்தில் நாம் ஓட்டப்போவது நடை வேகத்தில், மேடு ஏற்றி, பின்னால் சுமையோடு. அந்த வேகத்தில் காற்றும் படாமல், சுற்றும் ஏறாமல் டூ ஸ்ட்ரோக் இன்ஜினை வதைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. இன்னொன்று, 1996-ல் தயாரிப்பு நின்ற வண்டி அது. நல்ல இன்ஜின் கிடைத்தால் அதை ஆர்எக்ஸ் 100-லேயே போட்டு ஓட்டுவதுதான் நியாயம். கடல் மணலில் வேகமாகப் பறக்க வண்டி வேண்டும் என்பவருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். நான் ஆர்எக்ஸை ரோட்டில் மட்டுமே ஓட்டியவன்.

ஆட்டோ இன்ஜினுக்கு இரண்டு பெரிய பலம். ஒன்று, உள்ளேயே ஃபேன் இருப்பதால் வண்டி நின்றாலும் இன்ஜின் குளிரும். இரண்டு, ரிவர்ஸ் கியர். ரப்பர் மரங்களுக்கு நடுவே வண்டியைத் திருப்ப ரிவர்ஸ் எவ்வளவு தேவை என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். ஹோண்டாவே 1985-ல் வந்த பிக் ரெட் 250-ல் ரிவர்ஸ் கொடுத்தது. ஆனால் ஆட்டோ இன்ஜின் பின் சக்கரங்களோடு சேர்ந்த அமைப்பு. அதை அப்படியே வைத்தால் எடை முழுவதும் பின்னால் போய், மேட்டில் முன் சக்கரம் தூக்கும். அதோடு இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இருப்பதால் ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால் மற்றது சும்மா நிற்கும். ஏடிசியின் உயிரே இரண்டு பின் சக்கரமும் ஒரே ஆக்சிலில் பூட்டிச் சுற்றுவதுதான்.

இனி ஸ்ப்ளெண்டர். ஏடிசி90-க்கு இதைவிட நெருங்கிய சொந்தம் நம் ஊரில் கிடையாது. இரண்டிலும் சிலிண்டர் முன்னோக்கிப் படுத்திருக்கும். போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், இரண்டுக்கும் 50 மில்லிமீட்டர். ஸ்ப்ளெண்டரின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போய்வரும் தூரம், 49.5; அது அப்படியே அடுத்து வந்த ஏடிசி110-ன் அளவு. ஹோண்டாவின் அதே சின்ன இன்ஜின் குடும்பம்தான் 1985-ல் சிடி100 ஆகவும், 1994-ல் ஸ்ப்ளெண்டராகவும் இங்கே வந்தது. அதனால் பழைய ஏடிசி படங்களைப் பார்த்து ஃப்ரேம் வளைத்தால் இன்ஜின் உட்கார இடம் தானாக அமைகிறது.

ஆனால் இந்த உறவுக்காக மட்டும் நான் முடிவு செய்யவில்லை. பராமரிப்புதான் காரணம். நம் மாவட்டத்தில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும். தோட்டத்துச் செம்மண் நனைந்தால் பசை மாதிரி ஒட்டும். இந்த வண்டியில் ஏதாவது ஒன்று அடிக்கடி கெடும், அதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். கெட்டது எதுவானாலும் மறுநாள் ரப்பர் வெட்டுக்குள் சரியாக வேண்டும். கிளட்ச் பிளேட், டைமிங் செயின், ஆயில் சீல், கார்புரேட்டர் கிட் எதுவானாலும் ஸ்ப்ளெண்டருக்கு அருமனையிலும் கிடைக்கும், மார்த்தாண்டத்திலும் கிடைக்கும். கழற்றி மாட்டத் தெரியாத மெக்கானிக்கே கிடையாது. பேட்டரி செத்தாலும் கிக்கர் அடித்தால் எழும். 2020-க்குப் பிந்தைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜினைத் தவிர்க்கச் சொல்வதும் இதற்காகத்தான்: சென்சாரும் ஒயரிங்கும் சேற்றுத் தண்ணீரும் ஒத்துப்போகாது.

இதே கணக்கைப் பின் ஆக்சிலுக்கும் போட்டோம். ஈஎன்8 என்ற எஃகுக் கம்பியை லேத்தில் 30 மில்லிமீட்டருக்குக் கடைந்து, யூசிபி206 என்ற எண்ணுள்ள பிளாக் பேரிங்கில் உட்கார வைக்கிறோம். கிரீஸ் நிப்பிள் உள்ள பேரிங் அது. சேறு புகுந்தால் கிரீஸ் அடித்துத் தள்ளலாம், போய்விட்டால் ஹார்டுவேர் கடையிலேயே வாங்கி மாற்றலாம். ஆக்சில் நடுவில் ஒரே ஒரு டிஸ்க் பிரேக் போதும், இரண்டு சக்கரமும் சேர்ந்து நிற்கும்.

ஸ்ப்ளெண்டரின் குறைகளையும் சொல்ல வேண்டும். படுத்த சிலிண்டர் என்பதால் முன் டயர் வாரி இறைக்கும் சேறு நேராக ஹெட்டின் மீது அடிக்கும். குளிர்விக்கும் இதழ்களுக்கு நடுவே சேறு காய்ந்தால் சூடு வெளியேறாது. முன் டயருக்குப் பின்னால் அகலமான ரப்பர் மறைப்பு கட்டாயம். அடுத்தது கியர். 22 அங்குல டயர் ஸ்ப்ளெண்டர் சக்கரத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது, அதனால் முதல் கியரிலும் வேகம் அதிகம். ஏடிசி90-ல் இதற்கென்றே மேல்நிலை, கீழ்நிலை என்று இரட்டைக் கியர் வரிசை வைத்திருந்தார்கள். நாங்கள் நடுவில் ஒரு ஷாஃப்ட் போட்டு, இரண்டு செயினில் வேகத்தைப் பாதியாக்குகிறோம். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாது, தோட்டத்துக்குள் அதற்கு மேல் எதற்கு?

டயர் காற்றழுத்தம் 2, 3 பிஎஸ்ஐ மட்டும்தான். பெட்ரோல் பங்க் மீட்டரில் அது தெரியவே தெரியாது, குறைந்த அழுத்தம் காட்டும் மீட்டர் தனியாக வேண்டும். பூட்டிய ஆக்சில் வண்டி திரும்பும்போது உள் சக்கரம் வழுக்கியாக வேண்டும், எனவே உடல் எடையை வெளிப்பக்கக் கால்மிதியில் போட்டு ஓட்டப் பழக வேண்டும். காலைக் கீழே ஊன்றவே கூடாது, பின் டயர் ஏறிவிடும். இன்னொரு ஆளை ஏற்றுவதற்கும் இது வண்டி அல்ல. ரப்பர் பால் கேன் வைத்து மேடு ஏறினால் முன் சக்கரம் எவ்வளவு லேசாகும் என்பதை ஓட்டிப் பார்த்தபிறகுதான் சொல்வேன். அதுவரை கேரியரை ஆக்சிலுக்கு முன்னால் தள்ளியே வெல்டு செய்கிறோம்.

ரோட்டில் ஓட்டும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இப்படி உருமாற்றிய வண்டிக்குப் பதிவு கிடைக்க விடாது. வேலி போட்ட சொந்த நிலத்துக்குள் மட்டும்தான். இன்ஜின் வாங்கும்போதும் பழைய ஆர்சி நகல், விற்றவரின் ரசீது, இன்ஜின் நம்பர் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று ரசீது இல்லாமல் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள்.