திறந்த பசை அட்டையா, மூடிய பசைப் பெட்டியா? சமையலறைக் கரப்பான்களுக்காக இரண்டையும் வைத்துப் பார்த்த பிறகு

கும்பகோணத்தில் நாங்கள் குடியிருப்பது பழைய ஓட்டு வீடு. பின்கட்டில் சமையலறை, அதை ஒட்டினாற்போல் கொல்லைச் சாக்கடை. கரப்பான் தொல்லைக்காக ஓராண்டுக் காலம் கடையில் விற்கும் திறந்த பசை அட்டைகளை வைத்துவந்தேன். கடந்த பதினான்கு மாதங்களாக, அதே பசை அட்டையை வெட்டி, நானே மடித்துச் செய்த மூடிய பெட்டிக்குள் வைத்துப் பயன்படுத்துகிறேன். இரண்டும் ஒரே மூலைகளில், கோடை, மழை இரண்டிலும் இருந்து பார்த்தவை என்பதால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது. நான் மூடிய பெட்டியின் பக்கம்தான் நிற்கிறேன். அதற்குக் காரணம் எத்தனை கரப்பான் சிக்கியது என்ற கணக்கு அல்ல. பசை எத்தனை நாள் பசையாகவே இருந்தது என்ற கணக்கு.

இரண்டுக்கும் பொதுவானவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் நஞ்சு இல்லை. இரண்டையும் சுவரோரமாகத்தான் வைக்க வேண்டும், ஏனெனில் கரப்பான் தன் உடல் ஏதாவது ஒரு பரப்பில் உரசிக்கொண்டிருக்கும்படியே நடமாடும்; நட்ட நடுத் தரையில் வைத்த அட்டை வீண். பெருகிப்போன கூட்டத்தை இரண்டில் எதுவும் தனியாக ஒழித்துவிடாது.

எந்தக் கரப்பான் என்பதையும் பார்க்க வேண்டும். சாக்கடை வழியாக வரும் பெரிய செங்கரப்பானை அமெரிக்கக் கரப்பான் என்கிறார்கள். வளர்ந்தது நான்கு செ.மீ. வரை நீளும். மிக்ஸிக்கு அடியிலும் குளிர்பெட்டியின் ரப்பர் விளிம்பிலும் ஒளியும் சிறியது ஜெர்மன் கரப்பான், ஒன்றரை செ.மீ. அளவுதான் இருக்கும். பெயர்தான் ஜெர்மன், பிறப்பிடம் நம் பக்கம்: ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர்ப் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து இது பிரிந்தது என்று 2024-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இந்த இரண்டுக்கும் உடல் தடிமன் வேறு என்பதால், பெட்டிக்கு எவ்வளவு உயர வாசல் வைப்பது என்ற கேள்வியில் இது நேராக வந்து நிற்கும்.

இனிப் பசைக்கு வருகிறேன். இந்தப் பொறிகளில் தடவப்படுவது காயாத வகைப் பசை. காற்றுப்பட்டால் இறுகிவிடாது, பல மாதங்கள் ஈரப்பிசுக்கோடு இருக்கும்படிதான் அதைச் செய்கிறார்கள். அப்படியானால் திறந்த அட்டை ஏன் பத்துப் பன்னிரண்டு நாளில் செத்துப்போகிறது? பசை கெடுவதில்லை, மூடப்பட்டுவிடுகிறது. சமையலறைக் காற்றில் மாவுத் தூசி உண்டு, தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை உண்டு, பெருக்கும்போது கிளம்பும் மண் உண்டு, தலைமுடியும் ஓட்டிலிருந்து உதிரும் ஒட்டடையும் உண்டு. இவை எல்லாம் ஒரு மெல்லிய தோல் போலப் பசையின் மேல் படிகின்றன. எண்ணெய் இன்னும் மோசம். அது பசையையே இளக்கி வழுக்கவிடுகிறது. கண்ணுக்கு அட்டை பளபளவென்றே தெரியும், விரலால் தொட்டுப் பார்த்தால்தான் பிடிப்புப் போய்விட்டது புரியும். முதல் சில மாதங்கள் இதை அறியாமல், கரப்பான் குறைந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கரப்பான் அட்டையின் மேலேயே நடந்து போய்க்கொண்டிருந்தது. சில நாட்களில் ஒற்றைக் கால் மட்டும் ஒட்டியிருக்கும். காலை விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று பொருள்.

இதைச் சோதிக்கவே, அடுப்பு மேடைக்குக் கீழே ஒரே மூலையில் திறந்த அட்டைத் துண்டு ஒன்றையும் பெட்டிக்குள் அதே அட்டையின் மறு துண்டையும் அடுத்தடுத்து வைத்தேன். நான்கு நாளுக்கு ஒருமுறை ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். திறந்த துண்டு பன்னிரண்டாம் நாள் விரலைப் பிடிக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த துண்டு நாற்பதாம் நாளிலும் விரலைப் பிடித்து இழுத்தது. அதற்குமேல் பூச்சிகளே பரப்பை அடைத்துவிட்டதால் மாற்றினேன். தொட்டிக்குக் கீழே, தண்ணீர் தெறிக்கும் இடத்தில், வேறுபாடு இதைவிடக் கூடுதலாக இருந்தது. கூடத்தில், புத்தக அலமாரி ஓரத்தில், அவ்வளவு இல்லை; அங்கே திறந்த அட்டையே மூன்று வாரம் தாங்கியது. ஆகவே என் கணக்கு சமையலறைக்கான கணக்கு.

செலவாகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். புத்தகம் போல மடித்து விற்கும் எலிப் பசை அட்டை ஒன்று எனக்கு 40 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மூன்று இடங்களில் திறந்தே விரித்து, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால், அறுபது நாளில் பதினைந்து அட்டை, 600 ரூபாய். பெட்டிக்கு ஓர் அட்டையை நான்காக வெட்டிக்கொள்கிறேன். மூன்று பெட்டிக்கு அறுபது நாளில் ஐந்து துண்டுக்குமேல் போவதில்லை, 50 ரூபாய். திறந்த அட்டையையும் நான்காக வெட்டிப் பரப்பலாமே என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்தேன். பணம் மிஞ்சுகிறது, ஆனால் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை குனிந்து, சிங்க்குக்கு அடியில் கை விட்டு, செத்த பூச்சிகளைக் கண்ணால் பார்த்து எடுக்கும் வேலை குறைவதில்லை. அந்த வேலையைத்தான் எந்த வீட்டிலும் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்ட அட்டை பிடிப்பதில்லை.

பெட்டியின் அமைப்பு நம் தீப்பெட்டியின் அமைப்பே. வெளிக்கூடு ஒன்று, உள்ளே இழுத்து எடுக்கும் தட்டு ஒன்று. வெளிக்கூட்டைக் கெட்டி அட்டையில் செய்து, அடிப்பக்கமும் ஓரங்களும் மெழுகுவத்தி தேய்த்துவிட்டால் ஈரத்தில் ஊறாது. அடியில் நான்கு பொத்தான்களை ஒட்டித் தரையிலிருந்து சற்றுத் தூக்கிவைப்பது இன்னும் நல்லது. கூடு மாதக்கணக்கில் இருக்கும், தட்டு மட்டுமே மாறும். பசை அட்டையை வெட்டுவதற்கு முன் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் பசை விறைத்துக்கொள்ளும். கத்தரியில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டால் ஒட்டாமல் வெட்டலாம்.

வாசலில்தான் நான் தவறினேன். முதலில் பசையை வாசல் விளிம்பு வரை வைத்தேன். ஒரு வாரத்தில் இரண்டே பூச்சி. கரப்பான் கண்ணை நம்பி நடப்பதில்லை, மீசையால் தடவிக்கொண்டே நடக்கிறது. மீசை நுனியில் பிசுக்குப் பட்டதும் பின்வாங்கிவிடுகிறது. இப்போது தட்டின் இரு முனைகளிலும் இரண்டு செ.மீ. அளவுக்குச் சொரசொரப்பான தாளை, உள்நோக்கி ஏறி இறங்கும் சிறு சரிவாக மடித்து, பசையின் மேலேயே ஒட்டிவிடுகிறேன். ஏறிய கரப்பான் சரிவில் இறங்கும்போது முன்னங்கால்கள் இரண்டும் ஒன்றாகப் பசையில் பதிகின்றன. அதற்குப் பிறகு அதனால் உதறிக்கொள்ள முடிவதில்லை. சரிவின் மேல் பழைய வேட்டித் துணியில் ஒரு பட்டை ஒட்டுகிறேன். இது நான் கண்டுபிடித்தது அல்ல. ஜப்பானில் எர்த் நிறுவனம் 1973-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘கோகிபுரி ஹொய்ஹொய்’ என்னும் வீடு போன்ற காகிதப் பொறியில், கரப்பானின் காலில் உள்ள எண்ணெயையும் ஈரத்தையும் துடைத்துவிடும் கால்மிதி பிற்பாடு சேர்க்கப்பட்டது. எண்ணெய்க் காலோடு வரும் பூச்சியைப் பசை சரியாகப் பிடிக்காது என்பதை அவர்கள் கவனித்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் சமையலறைகளுக்கு அந்தக் கால்மிதி அவர்களுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே வேண்டும்.

வாசலின் உயரம் சிறிய கரப்பானுக்கு 6 மி.மீ. போதும். நெருக்கமான இடுக்கைத்தான் அது விரும்புகிறது. அகல வாசலைவிட ஒடுங்கிய வாசலில் அதிகம் நுழைந்ததைப் பார்த்தேன். பெரியதுக்கு 10 மி.மீ. வைக்கிறேன். அது 3 மி.மீ. இடைவெளியில்கூட உடலை அழுத்திக்கொண்டு நுழையக்கூடியது என்று 2016-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் நெருக்கடியில் நுழைய முடிவது வேறு, விரும்பி நுழைவது வேறு. வாசல் இரு முனையிலும் இருக்க வேண்டும், சுவரோரமாக ஓடிவரும் பூச்சிக்குப் பெட்டி ஒரு சந்து போலத் தோன்ற வேண்டும்.

இரையாக வறுத்த நிலக்கடலைப் பொடி ஒரு சிட்டிகை வைக்கிறேன். ரொட்டித் துண்டு ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கிறது. வெல்லம் வைத்தால் எறும்புச் சாரி வந்து ஒரே இரவில் பசையை நிரப்பிவிடுகிறது. சில பூச்சிகள் சிக்கிய பின் இரையே வேண்டியதில்லை, ஏனெனில் கரப்பானின் எச்சத்திலேயே மற்றக் கரப்பான்களைக் கூட்டும் வாசனை இருக்கிறது. சிக்கியதும் எடுத்து எறிய வேண்டியிருக்கும் திறந்த அட்டை இந்தப் பயனை இழந்துவிடுகிறது. கண்ணில் படாத பெட்டியை அப்படியே விட்டுவைக்கலாம்.

பல்லியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. திறந்த அட்டை வைத்த ஆண்டில் எட்டுப் பல்லிகள் ஒட்டிக்கொண்டன. சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பசை இளகும் வரை காத்திருந்து, ஐந்தை விடுவித்தேன்; மூன்று இறந்துவிட்டன. கரப்பானைத் தின்னும் பிராணியைக் கரப்பானுக்கு வைத்த பொறியில் கொல்வது எனக்கு வேதனையாகவே இருந்தது. பல்லி பார்வையால் வேட்டையாடுவது. திறந்த அட்டையில் துடிக்கும் பூச்சியைக் கண்டுதான் இறங்குகிறது. பெட்டிக்குள் இருப்பது அதன் கண்ணில் படுவதில்லை. பதினான்கு மாதங்களில் பெட்டியில் சிக்கியது ஒரே ஒரு குட்டி, அதுவும் 10 மி.மீ. வாசல் உள்ள பெட்டியில். தவழும் குழந்தையும் பூனையும் உள்ள வீட்டுக்கும் மூடிய பெட்டியே ஏற்றது என்று சொல்லவும் வேண்டுமா?

திறந்த அட்டைக்கு இரண்டு இடங்களில் மேன்மை உண்டு. கூட்டம் மிகுந்திருக்கும் முதல் வாரத்தில் அதன் பெரிய பரப்பு ஓரிரவில் பிடிப்பதைப் பெட்டியால் பிடிக்க முடியாது. என் பெட்டி இருபது இருபத்தைந்து பூச்சியில் அடைந்துவிடும். அடுத்து, குளிர்பெட்டியின் மோட்டாருக்குப் பக்கத்தில் இருப்பது போன்ற ஒடுங்கிய இடங்களில் என் பெட்டி நுழைவதில்லை. அங்கே இன்றும் ஒரு கீற்று அட்டையைத் திறந்தபடியேதான் வைத்திருக்கிறேன்.

பசையே வேண்டாம், கரப்பான் தின்று சாவதற்காக வைக்கும் மருந்துக் களிம்பு (ஜெல்) போதும் என்போருக்கும் நியாயம் உண்டு. பெருகிவிட்ட வீட்டில் களிம்பே விரைவானது, தின்ற பூச்சியின் எச்சத்தையும் உடலையும் தின்று மற்றவையும் சாகும். ஆனால் களிம்பில் உள்ள இனிப்பையே வெறுக்கும் ஜெர்மன் கரப்பான்கள் இருப்பது 1993-லேயே பதிவானது. குளுக்கோஸ் அவற்றின் நாக்குக்குக் கசப்பாகவே உணரப்படுகிறது என்பதை 2013-இல் விளக்கினார்கள். களிம்பு வைத்தவர்களும் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டால் மருந்து வேலை செய்கிறதா என்பது எண்ணிக்கையில் தெரிந்துவிடும். களிம்பை நான் ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தியிருக்கிறேன், எனவே இதற்குமேல் அழுத்திச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

எலிக்கு எந்த வடிவிலும் பசை வேண்டாம். பெட்டிக்குள் வைத்தாலும் அது பல மணி நேரம் துடித்துச் சாகும் சாவு. இந்திய விலங்குகள் நல வாரியம் இதற்கு எதிராக அறிவுறுத்தியிருக்கிறது. இங்கிலாந்தில் 2022-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். எங்கள் வீட்டில் எலிக்குக் கம்பிக் கூண்டுதான்.

கோடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சித்திரை, வைகாசியில் அடுப்புக்கு அருகே பசை இளகி, தட்டு சற்றே சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கமாக வழிந்து சரிவுத் தாளை நனைத்துவிடுகிறது. தட்டின் நீளவாக்கில் இரு ஓரத்தையும் தீக்குச்சி உயரத்துக்கு மடித்துவிட்டேன். வழிவது நின்றது. ஆனால் இது ஒரே கோடையின் அனுபவம். மொட்டைமாடிக்கு நேர் கீழே, இதைவிட வெப்பமான சமையலறையில் இது போதுமா என்பதை அங்கே வைத்துப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சாக்கடைப் பக்கத்துப் பெட்டியில் இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். பெரிய கரப்பானுக்கு வழி விட்டு, பல்லிக் குட்டியை மட்டும் தடுக்க வேண்டும் என்பதற்காக, 10 மி.மீ. வாசலின் மேல் பாதியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒரு திரை போலத் தொங்கவிட்டிருக்கிறேன். கரப்பான் திரையை முதுகால் தள்ளிக்கொண்டு நுழைகிறது. இருபது நாட்களில் பெரியவை நான்கு சிக்கியிருக்கின்றன, பல்லி ஒன்றும் இல்லை.