லோகத்துக்கு எந்த மந்திரம்?

ஐப்பசி அடைமழையில் எங்கள் ஆட்டம் ஒரு மதகில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் கும்பகோணத்தில் நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஐந்து பேர் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம். நான் டி.எம்., அதாவது கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்பவன். கதை நடக்கும் நாடு கற்பனைதான். ஆனால் அதன் ஆறு, வாய்க்கால், கடைமடை எல்லாம் நம்மூர்ச் சாயல். அன்றைக்குக் கதையில் வெள்ளம். வடிகால் மதகின் ஷட்டர் துருவேறி இறுகிக் கிடக்கிறது. விடிவதற்குள் அதைத் தூக்காவிட்டால் இரண்டு ஊர் நடவு அழுகிப்போகும்.

"இரும்பை வழிக்குக் கொண்டுவர யார் கையில என்ன மந்திரம் இருக்கு?" என்று கேட்டேன். இயற்கையின் மந்திரம் போடும் ட்ரூயிட், பாட்டால் மந்திரம் போடும் பார்ட், ஏடு படித்த மந்திரவாதி விசார்ட், தெய்வ அருளால் மந்திரம் போடும் கிளெரிக் என்று நான்கு பேர், நான்கு பதில். பகடையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் பேசினோம். அன்று பேசியதையும், அதற்குப் பிறகு நான் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்து ஆடுகிறோம், கணக்கெல்லாம் அதன்படி.

முதலில் ஒரு குறை. கல்லைக் களிமண்போலப் பிசைந்து உருமாற்ற ஸ்டோன் ஷேப் என்ற நான்காம் நிலை மந்திரம் இந்த ஆட்டத்தில் இருக்கிறது (நிலை என்பது மந்திரத்தின் தரவரிசை). லோகத்தை அப்படிப் பிசைய நேரடியாக ஒரு மந்திரம் மூல விதிநூலில் இல்லை. சூடேற்றலாம், செய்துமுடித்த பொருளாக மாற்றலாம், ஒட்டவைக்கலாம், வெறுங்கையில் வரவழைக்கலாம். பிசைய முடியாது. எங்கள் ட்ரூயிட் சுற்றுவழியாக, ஷட்டர் ஓடும் கல் காடியையே ஸ்டோன் ஷேப்பால் அகலமாக்கிவிடலாம் என்றார். முடியும்தான், ஐந்தடிக்குள் இருந்தால். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு அந்த இடத்தில் தண்ணீரை நிறுத்த ஒன்றும் மிஞ்சாது. டெல்டாக்காரர்கள் நான்கு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

அடுத்து பார்டாக ஆடும் தம்பி ஹீட் மெட்டலை எடுத்தார். இரண்டாம் நிலை மந்திரம். பார்ட், ட்ரூயிட் இருவருக்கும் கிடைக்கும். 60 அடிக்குள் கண்ணுக்குத் தெரியும் ஒரு லோகப் பொருள் செக்கச்செவேல் என்று பழுக்கும். தொட்டவருக்கு இரண்டு எட்டுமுகப் பகடை அளவுக்குக் காயம். கவனம் சிதறாமல் ஒரு நிமிடம்வரை நீட்டிக்கலாம், ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் செயலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனைச் செலவழித்து மறுபடி சுடலாம். சண்டையில் இதற்கு இருக்கும் பெயர் எல்லோரும் அறிந்தது. பிளேட் கவசத்தைக் கழற்ற ஐந்து நிமிடம் ஆகும், மந்திரம் ஒரு நிமிடம் நிற்கும். மாட்டியவர் மாட்டியவர்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

பட்டறைக் கண்ணோடு பார்த்தால்தான் இந்த மந்திரத்தின் அருமையும் எல்லையும் தெரியும். விதி சொல்வது சிவக்கச் சிவக்கப் பழுக்கும் என்பதுவரைதான். இரும்பு சிவப்பது 700, 800 டிகிரி சுமாருக்கு. அது உருக 1538 டிகிரி வேண்டும், செம்புக்கே 1085 வேண்டும். ஆகவே இந்த மந்திரத்தால் இரும்போ செம்போ உருகும் என்று எந்த வீரர் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈயம் 327இல் உருகிவிடும், வெள்ளீயம் 232இலேயே. ஈயப்பற்று வைத்து மூடிய பெட்டியின் மூடி இதற்குத் தாராளமாகக் கழன்றுவரும். என் மேசையில் அதற்குப் பகடைகூட உருட்டச் சொல்வதில்லை.

இதன் உண்மையான பலம், சூடானால் லோகம் விரியும் என்பதில் இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பட்டையைச் சக்கரத்தைவிட ஒரு பிடி சிறிதாகவே அடித்து வைத்திருப்பார்கள். வறட்டி அடுக்கிச் சுற்றிலும் நெருப்பு மூட்டிப் பட்டையைச் சூடாக்கி, இடுக்கியால் தூக்கி, மரச்சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகையும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, பட்டை சுருங்கி ஆரக்கால்களை எல்லாம் முனகவிட்டு இறுக்கிப் பிடிக்கும். ஐந்தடிச் சக்கரத்தின் பட்டை, பழுக்கும்வரை சூடேறினால் சுற்றளவில் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் கூடும். அரை நாள் வறட்டி வேலையை ஹீட் மெட்டல் ஒரு மூச்சில் முடித்துவிடும். சண்டையைத் தாண்டி இப்படி இதை ஆடுகிறவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

மதகுக்கு வருவோம். தம்பி முதலில், "ஷட்டரைச் சூடு பண்றேன் அண்ணே" என்றார். சூடானால் ஷட்டர் விரிந்து காடியில் இன்னும் இறுகும். விசார்டாக ஆடுபவர் சுவாமிமலையில் வார்ப்புப் பட்டறையில் வேலை பார்க்கிறவர். அவர்தான் குறுக்கிட்டார்: "ஷட்டர் தட்டைத் தொடாதீங்க தம்பி. அதைத் தூக்குற திருகுக் கம்பியையும் விட்டுட்டு நட்டை மட்டும் சூடு பண்ணுங்க." நட்டு சூடானால் உள்ளே இருக்கும் ஓட்டை சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முழு நட்டும் விரியும்போது ஓட்டையும் சேர்ந்தே பெரிதாகும். கம்பிக்குச் சூடு இறங்குவதற்குள் திருகிவிட வேண்டும், இல்லையென்றால் அதுவும் விரிந்து பழைய கதைதான். ஆட்டத்தில் ஒரு சுற்று ஆறு வினாடி. முதல் இரண்டு சுற்றுக்குள் திருகினால் சரி என்று தீர்ப்புச் சொன்னேன். வெறுங்கையால் தொட்டால் காயம் என்பதால் நனைத்த சாக்கும் ஓர் உலக்கையும் தேடி ஓடினார்கள்.

அதே விசார்டின் கையில் இருந்தது ஃபேப்ரிகேட். நான்காம் நிலை, ஆக பாத்திரம் வளர்ந்து ஏழாம் லெவலை எட்டினால்தான் கைக்கு வரும். மூலப்பொருள் எதிரே இருந்தால் பத்து நிமிடத்தில் அது செய்துமுடித்த பொருளாகிவிடும். மரமோ துணியோ என்றால் பெரிதாகச் செய்யலாம். லோகமும் கல்லும் என்றால் ஐந்தடிக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். மேல்நிலை வேலைப்பாடு கேட்கும் பொருள், நகை, ஆயுதம், கவசம் போன்றவை வேண்டுமென்றால் அந்தத் தொழிலின் கருவிகளில் மந்திரவாதிக்கே தேர்ச்சி இருக்க வேண்டும். மூலப்பொருள் எந்தத் தரமோ பொருளும் அந்தத் தரம்.

இந்தத் தேர்ச்சி நிபந்தனையைப் பல டி.எம்.கள் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். ஃபேப்ரிகேட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். ஏன் என்று எனக்குப் புரிந்தது சுவாமிமலையில். அங்கே தென்னங்கீற்றின் ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறிப்பார்கள். ஒடியோலை என்று பெயர். உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் மொத்த உயரம் 124 பங்கு. முகம், மார்பு, முழங்கால் எல்லாம் அதற்குள் வந்து உட்கார வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மாவுபோல் சலித்து முதல் பூச்சு. விரல் ரேகை பட்டால்கூடப் பதியும் அளவுக்கு அந்த மண் நைசாக இருக்கும். மேலே கனமான மண், கம்பிக் கட்டு. காய்ந்தபின் சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் ஐம்பொன்னை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரு சிலை.

"மெழுகு கையில நிக்காதவனுக்கு லோகமும் நிக்காது" என்று எங்கள் விசார்ட் ஒருமுறை சொன்னார். வாரக்கணக்கான இந்த வேலையைப் பத்து நிமிடமாகச் சுருக்கும் சக்தி ஃபேப்ரிகேட்டுக்கு உண்டு. 124 பங்கும் எங்கெங்கே விழும் என்ற அறிவைத் தரும் சக்தி அதற்குக் கிடையாது. விதியை எழுதியவர்கள் இதை உணர்ந்தே எழுதியிருக்கிறார்கள் என்று நம்புகிறேன். சிலை அவர்கள் தந்த உதாரணங்களில் இல்லை. ஆனாலும் என் மேசையில் தேர்ச்சி இல்லாமல் ஃபேப்ரிகேட் செய்த சிலைக்குக் கையும் காலும் இருக்கும், முகத்தில் களை இருக்காது.

ஐந்தடி எல்லைக்கு நாச்சியார்கோவில் விளக்கு நல்ல பாடம். ஆறடிக் குத்துவிளக்கு மந்திரத்தில் அடங்காது. ஆனால் அங்கே விளக்கை ஒரே வார்ப்பாகவும் செய்வதில்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் அல்லது பிரபை என்று தனித்தனியே வார்த்து மரையில் திருகி மாட்டுகிறார்கள். அதேபோல் ஃபேப்ரிகேட்டையும் பாகம் பாகமாகப் போடலாம். ஏழாம் லெவல் விசார்டுக்கு நான்காம் நிலை ஸ்லாட், அதாவது அந்த நிலை மந்திரத்தை ஒரு நாளில் போடும் வாய்ப்பு, ஒன்றுதான். ஆர்கேன் ரெகவரி என்ற திறமையால் நாளுக்கு ஒருமுறை அதைத் திரும்பப் பெறலாம். நான்கு பாகம் என்றால் இரண்டு நாள்.

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் பீரங்கி இந்த வழிக்கும் வராது. சுமார் 26 அடி நீளம், 22 டன் எடை. 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்து வேலை. வார்ப்பே இல்லை. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் சேர்த்து, மேலே வளையம் வளையமாகப் பழுக்கக் காய்ச்சி ஏற்றி அடித்தே ஒன்றாக்கியது. வளையங்களை ஃபேப்ரிகேட்டால் செய்துவிடலாம். அடித்து ஒட்டவைக்க இரும்பு வெள்ளைச் சூட்டுக்கு ஏற வேண்டும், ஹீட் மெட்டலின் சிவப்பு அங்கே போதாது. அந்தப் பீரங்கியின் முன்னால் நிற்கும்போதெல்லாம், மந்திரம் இல்லாமல் இதைச் செய்தவர்களை நினைத்து எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஃபேப்ரிகேட்டில் ஒரு பொத்தலும் உண்டு. விதிப்படி இரும்பு ஒரு பவுண்டு ஒரு வெள்ளிக்காசு. 65 பவுண்டு பிளேட் கவசம் 1500 பொற்காசு. ஆறரைப் பொற்காசு இரும்பை வைத்துப் பத்து நிமிடத்தில் ஒரு செல்வத்தைச் சம்பாதித்துவிடலாம். இதைச் செய்யும் வீரர்களைக் குறை சொல்ல மாட்டேன். எஃகுத் தரத்து இரும்பைத் தேடிக் கொண்டுவரச் சொல்வேன். கலப்பு லோகமும் அப்படியே: செம்பையும் துத்தநாகத்தையும் பக்கத்தில் குவித்துவைத்து மந்திரம் போட்டால் பித்தளை ஆகாது. முன்பே மூசையில் உருக்கிக் கலந்திருக்க வேண்டும்.

அந்தப் பொத்தல் இல்லாத மந்திரம், உலைக்களத் தெய்வத்தை வழிபடும் ஃபோர்ஜ் டொமைன் கிளெரிக்கின் ஆர்ட்டிசன்ஸ் பிளெஸ்ஸிங். 2017இல் வந்த விதித் தொகுப்பில் சேர்ந்தது. மந்திரம் என்பதைவிட ஒரு மணி நேர வழிபாடு என்றே சொல்ல வேண்டும். இரண்டாம் லெவலிலேயே கிடைக்கும், ஸ்லாட் செலவில்லை. கொஞ்சமாவது லோகம் கலந்த, 100 பொற்காசுக்கு மேற்படாத சாதாரணப் பொருளைச் செய்யலாம். அந்த மதிப்புக்கு ஈடான லோகத்தை, நாணயமாக இருந்தாலும் சரி, எதிரே பரப்ப வேண்டும். அது திரும்பி வராது. அசல் கையில் இருந்தால் சாவி போன்ற பொருளுக்கு நகலும் எடுக்கலாம்.

லாபமே இல்லாத இந்த மந்திரத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். கோவில் மணியோ சிலையோ வார்க்கும்போது மூசையில் மோதிரத்தையும் மூக்குத்தியையும் போட்டுவிட்டுக் கைகூப்பும் நம் வழக்கம் அப்படியே இதில் இருக்கிறது. கொடுத்ததுதான் உருமாறுகிறது. லெவல் குறைந்த குழுவுக்கு எதை எடுக்கலாம் என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். அன்றைய மதகில் எங்கள் கிளெரிக் புது நட்டு செய்து தரத் தயாராக இருந்தார். ஆனால் பழைய நட்டு கம்பியில் இறுகிக் கிடக்கும்வரை புதியதை எங்கே மாட்டுவது?

வெறுங்கையில் பொருளை வரவழைக்கும் கிரியேஷன் ஐந்தாம் நிலை. லோகத்துக்காக இதை எடுக்காதீர்கள். விலையுயர்ந்த லோகம் ஒரு மணி நேரம்தான் நிற்கும், கற்பனை லோகங்களான மித்ரிலும் அடமன்டைனும் ஒரே நிமிடம். இரும்பும் பித்தளையும் எவ்வளவு நேரம் என்று அட்டவணையில் இல்லவே இல்லை, டி.எம். தலையில் விழும்.

மெண்டிங் ஒரு கேன்ட்ரிப், அதாவது எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய சிறு மந்திரம். ஸ்லாட்டே வேண்டாம், ஒரு நிமிடம் தொட்டுக்கொண்டிருந்தால் ஓரடிக்கு மிகாத ஓர் உடைசலோ கிழிசலோ சுவடில்லாமல் சேரும். இரண்டு வேறு பொருளை ஒன்றாக்காது, உடைந்த ஒன்றைத்தான் சேர்க்கும். ஓட்டைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பற்றவைப்பவரைத் தேடி அலைந்த வீட்டில் வளர்ந்தவன் நான். இந்த மந்திரத்தைச் சின்னது என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. அன்றும் இதுதான் கைகொடுத்தது. நட்டு பழுத்ததும் உலக்கையை மாட்டித் திருகினார்கள். இரண்டாவது சுற்றில் இருபதுமுகப் பகடையில் 17 விழுந்தது, ஷட்டர் ஒரு சாண் ஏறியது, ஏறிய வேகத்தில் தூக்குச் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தது. கிளெரிக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அந்தக் கண்ணியை ஒரு நிமிடம், பத்துச் சுற்று, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வடிந்து கதையில் சில மாதம் ஓய்வு கிடைத்தது. ஃபேப்ரிகேட்டை வைத்து இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று விசார்டைக் கேட்டேன். அவருடைய பாத்திரத்துக்குக் கொல்லர் கருவித் தேர்ச்சி இல்லை. விதிப்படி கற்க 250 நாள், நாளுக்கு ஒரு பொற்காசு. கதையைக் கொஞ்சம் தாவவிட்டு அதைச் சுருக்கித் தருகிறேன் என்றேன்.

"வேணாம் அண்ணே, முழுசா எழுதிக்குங்க" என்றார். பாத்திரத் தாளில் ஒரு மூலையில் 250 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு கிழித்தார். முதல் நாள்.