மொசைக் தரைக்கு ஆசிட் ஊற்றிவிட்டுப் போன 'டீப் கிளீனிங்': மாயவரத்துக்காரர்கள் கவனத்துக்கு

ஐப்பசிக் கடைசி நாளில் காவிரியில் முழுகுகிற கடைமுழுக்குக்கு எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வராத வருஷம் கிடையாது. துலாக்கட்டத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தால் அப்படித்தான். ஐப்பசி பிறந்ததுமே போன் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை நாத்தனார் தன் புதுச் சம்பந்திகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். மாமியாருக்கு முட்டிவலி, எனக்கு லீவு இல்லை. "ஆளை வைத்துச் செய்துவிடலாம்" என்றது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம். ரேழி, கூடம், பூஜை அறை, சமையலறை, முற்றம் எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். ஐந்து பேர் வருவார்கள், மிஷின் உண்டு, ஒரே நாளில் முடியும் என்றார்கள். 4,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டேன். "வேலை முடிஞ்சதும் தர்றோம் மேடம்."

ஒன்பது மணி என்றவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். ஐந்து பேர் இல்லை, இரண்டு பையன்கள். மிஷின் என்றது ஒரு வாக்குவம் கிளீனர். அதுபோக ஒரு கம்பி பிரஷ், இரண்டு மாப், லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டில்கள் நாலு. சோபாவைத் துடைத்து முடித்த பிறகுதான் அதற்கு மேலே இருக்கிற ஃபேனைத் துடைத்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கூடத்துத் தரை மாமனார் 1983-ல் போட்ட மொசைக். கறுப்பும் வெள்ளையுமாக மார்பிள் சில்லு, நடுவில் ஒரு பெரிய பூ. எங்கள் தெரு போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் ஓரங்களில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைப் பார்த்ததும் ஒரு பையன் பாட்டிலைத் திறந்து ஊற்றினான். ஸ்ஸ் என்று சத்தம், நுரை பொங்கியது. "அழுக்கு எப்படிக் கிளம்புது பாருங்க அக்கா" என்றான். நானும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார் மட்டும் ஊஞ்சலில் இருந்தபடியே, "தம்பி, அழுக்கு இப்படி நுரைக்காதுப்பா. தரைதான் நுரைக்குது" என்றார். அவன் சிரித்தான்.

அவர் சொன்னதுதான் சரி. மார்பிள் சில்லு கால்சியம் கார்பனேட். அதைப் பிடித்திருக்கிற சிமெண்டிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் இரண்டும் கரையும், கார்பன் டை ஆக்சைடு நுரையாகக் கிளம்பும். உப்புத் தண்ணீர்ப் படிவத்திலும் பெரும்பகுதி அதே சரக்குதான். எது படிவம், எது தரை என்று ஆசிட்டுக்குத் தெரியாது. எலுமிச்சையும் வினிகரும்கூட மொசைக்குக்கு ஆகாது, மெதுவாக அரிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வழவழப்பான டைல்ஸில் ஆசிட் ஊற்றிப் பழகிய பையன்கள் இங்கேயும் அதையே செய்திருக்கிறார்கள்.

மோசம் என்னவென்றால், ஈரம் இருக்கும்வரை தரை கண்ணாடி மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் மீதி 4,500 ரூபாயையும் கொடுத்தேன். ஐப்பசி மழையில் தரை எப்போது காய்வது? விடிந்த பிறகுதான் தெரிந்தது. பூவின் மேல் மூன்று முழ அகலத்துக்குச் சாம்பல் பூத்த மாதிரி மங்கல். நகத்தால் தேய்த்தால் மாவு ஒட்டியது. வெறுங்காலில் நடந்தால் சொரசொரப்பு.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கையும் விட்டுவைக்கவில்லை. அதே பாட்டில், அதே துணி. பித்தளையில் இருக்கிற துத்தநாகத்தை ஆசிட் தின்றுவிட்டு, செம்பு மட்டும் மேலே தெரிய, விளக்கு ரோஸ் நிறத்தில் நிற்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் போயிருக்கும் கறை அது. பூஜை அறைத் தஞ்சாவூர் ஓவியத்தின் பக்கம் ஸ்ப்ரேயோடு போனபோது ஓடிப்போய்த் தடுத்தேன். தங்க ரேக்குக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பொடியும் பசையும்தானே, சட்டத்து ஓரமாக ஈரம் இறங்கினாலே போதும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். முற்றத்துப் பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு, பாட்டிலில் மிச்சம் இருந்த ஆசிட்டையும் அதன் மேலேயே கொட்டினார்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. தொண்டை எரிந்து, கண் கரித்து, மாமியாரைக் கைத்தாங்கலாகத் திண்ணைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அரை மணி நேரம் இருமினார். அந்தப் பையன்களும்தான் இருமினார்கள். கையுறைகூட இல்லை, பாவம். அவர்களை இப்படி அனுப்பியவர் மேல்தான் என் கோபமெல்லாம்.

அவருக்குப் போன் செய்தேன். "பழைய தரை அப்படித்தான் மேடம். பாலிஷ் போட்டா சரியாயிடும், சதுர அடிக்கு 35 ரூபாய், நம்ம பசங்களே பண்ணுவாங்க" என்றார். அடித்தவனே மருந்தும் விற்கிறான். பில்லாவது அனுப்புங்கள் என்றேன். அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், நகத்தில் மாவு ஒட்டிய போட்டோ எல்லாம் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருஷத்துக்குள் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நான் எடுக்காமல் விட்டது வேலை தொடங்கும் முன் தரையை ஒரு போட்டோ. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிள் இல்லாத பாட்டிலோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். என்ன திரவமானாலும் முதலில் கதவு மூலையில் உள்ளங்கை அளவு இடத்தில் போட்டு, காய்ந்த பிறகு பார்த்துவிட்டு மற்றதைத் தொடச் சொல்லுங்கள். காசும் காய்ந்த பிறகுதான். விருந்தாளி வருகிற வாரத்தில் இந்த வேலையே வேண்டாம். ஏதாவது ஆனால் சரிசெய்ய நாள் இருக்காது.

எனக்கு இல்லை. பூவின் மேல் ஜமக்காளத்தை விரித்துவிட்டேன். சம்பந்தியம்மா அதில் உட்கார்ந்து, "ஜமக்காளம் நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். மாமியார் என்னைப் பார்க்காமல் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

உள்ளூர் மொசைக் பாலிஷ்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். முரட்டுக் கல்லில் ஆரம்பித்து நைஸ் கல் வரைக்கும் ஓட்டி, கடைசியில் ஆக்சாலிக் பவுடர் போட்டுத் தேய்க்க நாலு நாள் ஆகுமாம், கூடம் முழுக்கச் சேறாக இருக்குமாம். திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், மழை விட்டால்.